முப்பத்தொன்று, எம்

ப்ருனோ நகரம். நவம்பர். மணி நான்கரை, அதற்குள் இருட்டு.
கறுப்புத் திரையிலிருந்து பன்னிரண்டு வரிகளை அள்ளி
வெள்ளைப் பக்கத்தில் ஒட்டினாள் க்வேதா.
சாயம் வெளுத்துவிட்டது.

ஆற்றுமட்டம் சொல்லும் மென்பொருள் அது.
ஸ்வ்ரட்கா எத்தனை சென்டிமீட்டர்,
மதகு எவ்வளவு திறந்திருக்கிறது,
காவல் அறையில் இருப்பவர் கண்ணயரலாமா கூடாதா.
திரையில் பச்சையாய்ப் பேசும், மஞ்சளாய் முணுமுணுக்கும்,
சிவந்தால் ஊரை எழுப்ப வேண்டும்.
கையேட்டுப் பக்கத்திலோ எல்லாம் ஒரே கறுப்பு.
நடுநடுவே, சோற்றில் மீன்முள் மாதிரி,
சதுர அடைப்பு, முப்பத்தொன்று, எம்.
சதுர அடைப்பு, பூஜ்ஜியம், எம்.

அவற்றுக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாது.
தப்பிக்கும் எழுத்து என்று பேர்.
தப்பினால் தவறு, தப்பினால் உயிர்.
பிழையும் அப்படித்தான், பிழைப்பதும் அதிலிருந்தே.
இதெல்லாம் தமிழின் சங்கடம்.
க்வேதா பேசுவது செக். அவளுக்கு வேறு சங்கடங்கள்.

"படம் பிடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயேன்" என்றான் ரடோவன்,
கழுத்துத்துணி சுற்றியபடி.
படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது.
பார்வையில்லாதவருக்குப் படம் வாய் திறக்காது.
நாளைக்கு ஒரு வரி மாறினால் மறுபடி பிடிக்க வேண்டும்.
இதையெல்லாம் அவள் சொல்வதற்குள்
மின்தூக்கி அவனை இறக்கிக்கொண்டு போய்விட்டது.

பதினொரு மணிவரை ஒரு சின்ன நிரல் எழுதினாள்.
முப்பத்தொன்று வந்தால் சிவப்பு உறையைத் திற.
முப்பத்திரண்டு வந்தால் பச்சை.
பூஜ்ஜியம் வந்தால் திறந்த அத்தனையையும் மூடு.
கோணக்குறி வந்தால் முதலில் பல்லைப் பிடுங்கு,
இல்லையேல் பக்கத்தையே கடித்துக் குதறும்.

முதல் ஓட்டம்.
ஏழாம் வரியில் யாரோ பூஜ்ஜியம் போட மறந்திருந்தார்கள்.
சிவப்பு கரையை உடைத்துக்கொண்டது.
எட்டாம் வரி, அட்டவணை, நிறுவும் முறை,
நன்றியுரை,
அடியில் பொடி எழுத்தில் இருந்த உரிமக் குறிப்பின்
கடைசிப் புள்ளிவரை
செக்கச்செவேல்.
ஆளில்லா அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.
முழுக்கச் சிவந்த பக்கத்தில்
அபாயம் எங்கே என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சரிசெய்து, மதகுக் காவல் அறைக்கு அனுப்பினாள்.
மூன்றாம் நாள் வ்லஸ்திமில் என்பவரிடமிருந்து பதில்:
"அம்மணி, எங்கள் அச்சுப்பொறியில் வண்ண மை கிடையாது.
இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.
உங்கள் பச்சையும் சிவப்பும் என் தாளில் ஒரே சாம்பல்.
திரையைப் பார்த்து நானே குறி போட்டுக்கொண்டேன்."

கூடவே ஒரு புகைப்படம்.
தாளில் காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.
சிவப்பு வரிகளுக்கு முன்னால் பென்சிலில் பெருக்கல் குறி,
அழுத்தி, தாள் கிழியும் அளவுக்கு.
நான்காம் வரிக்கு மட்டும் கேள்விக்குறி.
ஓரத்தில் சாய்ந்த கையெழுத்து:
"இது பச்சை இல்லை, பச்சைப் பொய்.
இந்த அளவுகோல் ஆகஸ்டிலேயே செத்துவிட்டது.
கடைசியாய்ச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது."

அன்று மாலைக்குள் நிறங்களின் பெயர்களை எல்லாம் அழித்தாள்.
சிவப்பு என்ற வகுப்புக்கு 'ஓடு' என்று பேர்.
மஞ்சளுக்கு 'பார்த்துக்கொண்டிரு'.
பச்சைக்கு 'தூங்கலாம்'.
ஓடச் சொல்லும் வரிகளின் முன்னால் பெருக்கல் குறி,
கறுப்பு மையிலும் நிற்கிற மாதிரி.
நான்காம் வரிக்கு எண்களின் பட்டியலை
மேலும் கீழும் இரண்டு முறை தேடினாள்.
எட்டு நிறம், அதில் வெளிறியது எட்டு,
தடிமன், அடிக்கோடு, கண்சிமிட்டல்கூட இருக்கிறது.
'தெரியாது' என்பதற்கு எண் இல்லை.

ஒரு வகுப்பு புதிதாகச் சேர்த்தாள். நிறம் கொடுக்கவில்லை.
கேள்விக்குறி மட்டும், பென்சில் தடிமனில்.

கையேடு வெளியாகிவிட்டது.
காவல் அறைத் திரையில் நான்காம் வரி
இன்னும் பச்சையாகத்தான் ஓடுகிறது.
அது வேறு துறை.